நீலமும் சனியும்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நீலக்கல் வாங்கப் போவோர் பலர் கேட்கும் முதற் கேள்வி, "இது எனக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்பதே! கல்லைத் தலையணைக்கடியில் வைத்து, கனவு கண்டு, பிறகு விலை பேசுகிறார்கள். கண் எதற்கு? கருத்து எதற்கு?

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் புரட்டுகிறோம். மதுரை மணிக்கடை வீதியில் வயிரத்தின் குற்றங்களை எண்ணிக்காட்டும் இளங்கோ, நீலத்துக்குச் சொன்னது தெளிந்த இருளின் நிறம். சனியின் சினத்தை அல்ல!

நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம், அலுமினியம் ஆக்சைடு. இரும்பும் டைட்டேனியமும் சிறிது கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. 1902இல் வெர்னூயி மாணிக்கத்தை உலையில் வளர்க்கும் முறையை வெளியிட்டார்; சில ஆண்டுகளில் நீலமும் உலையில் பிறந்தது. உலையில் பிறந்த கல்லுக்குள் சனி எப்போது குடியேறினான்?

அழகுக்காக அணிவதை நாம் பழிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். இயற்கைக் கல்லா, உலைக்கல்லா, சூடேற்றியதா, விரிசலில் கண்ணாடி நிரப்பியதா என ஆய்வுக்கூடச் சான்று கேளுங்கள். ஒரு காரட் 200 மில்லிகிராம்; அந்த எடைக்கும் தரத்திற்கும் விலை கொடுங்கள். அச்சத்திற்குக் கொடுக்காதீர்! உழைத்துப் பெற்ற ஊதியம், சனிக்குச் செலுத்தும் கப்பம் அன்று.