சோறு போட்டவர்களின் பெயர்கள்

போன காலத்தைப் பற்றி எழுதிய புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று இவர் சொல்கிறாரா? ‘அந்த நாளெல்லாம் இனி வருமா’ என்று பெருமூச்சு விடுவது யாருக்கும் கைவரும். நெல் எவர் களத்திலிருந்து வந்தது, ஊருக்குப் புதிதாக வந்தவன் எந்தத் திண்ணையில் படுத்தான், பாடம் கேட்கப் போன பையன் ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டான் என்பதையெல்லாம் எழுதுகிறவரிடம்தான் மறைந்துபோன வாழ்க்கை எலும்பும் சதையுமாக எழுந்து வருகிறது.

அப்படி எழுதியவர்களில் எனக்கு முதல் ஆள் உ.வே. சாமிநாதையர். ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நிறையப் போகிற சமயம். அந்த வயதில் ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் சொந்தப் பெருமை முன்னால் வந்து நிற்கும். ஐயரோ பாபநாசத்துக்கு அருகிலுள்ள தம் ஊர் உத்தமதானபுரத்தைத்தான் முதலில் நிறுத்துகிறார். ஏகாதசி என்று தெரியாமல் தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அந்தக் குற்றம் தீர வீடு கட்டி, நிலம் வைத்து, அந்தணர்களுக்குத் தானம் செய்த ஊர் அது என்று ஒரு கதை. கதையின் சுவையில் அவர் மயங்கி நின்றுவிடுவதில்லை. வீடுகள் 48, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்று உடனே கணக்குக்கு வந்துவிடுகிறார். அரசரின் தானத்தைவிட அந்தப் பொதுக் கிணறுதான் என் மனசில் தங்கியது. இரண்டு குடும்பங்கள் ஒரே நீரை இறைத்துக்கொண்டு எத்தனை தலைமுறை பேசியும் பேசாமலும் வாழ்ந்திருக்கும்!

அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். பாட்டு மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகப் போய் இராமாயணக் கதை சொன்னார். ஊரார் நெல்லும் பணமும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த அலைச்சலை ஐயர் துயரக் கதையாக எழுதவே இல்லை. ஏனென்றால் அதே வழியில்தான் அவருக்குத் தமிழ் கிடைத்தது. அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். நன்னூலை ஓரிடத்தில் கேட்டால் காரிகைக்கு வேறு இடத்துக்கு நடக்க வேண்டும். இன்று ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிடும் படிப்பு அன்று ஒரு வட்டாரம் முழுவதும் சிதறிக் கிடந்தது. கதை சொல்ல ஊர் மாறிய தந்தை, பையனின் பாடத்துக்காகவும் ஊர் மாறினார். ஒவ்வோர் ஊரிலும் யார் ஆதரித்தார், யார் வீடு கொடுத்தார், யார் நெல் அளந்தார் என்று எழுபது வருஷம் கழித்தும் ஐயர் பெயர் பெயராகச் சொல்கிறார். தமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் பேச்சு சுருங்கிவிடுகிறது. ஒரு வேளை சாப்பாடு போட்டவரின் பெயர் மட்டும் விட்டுப்போவதில்லை.

மாயூரத்துப் பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். 1871-இல், பதினாறு வயதில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறார். கூட்டமாக மாணாக்கர்கள் இருக்கிற இடம். புதிதாக வந்த பையனுக்கு ஆசிரியரின் நெருக்கம் எளிதில் கிட்டாது. பிள்ளை தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகள் வைத்து வளர்த்துவந்தார். விடியற்காலையில் எழுந்ததும் எது தளிர்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். இதைக் கவனித்த பையன் அவருக்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்துக்குப் போனான். எந்தக் கிளையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். ஆசிரியர் வந்ததும் ‘இதோ இங்கே, அதோ அங்கே’ என்று காட்டினான். அவர் முகம் மலர்ந்த அந்த வேளையில், உடன் நடந்துகொண்டே பாடம் கேட்கவும் வழி பிறந்தது. அந்த அத்தியாயத்துக்கு ஐயர் வைத்த தலைப்பு ‘தளிர் ஆராய்ச்சி’.

குருகுல வாசத்தைப் பற்றி நூறு பக்கம் தத்துவம் எழுதலாம். இந்தத் தளிர் ஒன்று போதும் என்பேன். கற்பிக்கிறவரின் சின்ன ஆசையைக் கண்டுபிடித்து, அதன் வழியாகப் படிப்பை வாங்கிக்கொள்கிற பையனின் சமர்த்து இதில் இருக்கிறது. மணி அடித்துத் தொடங்காத பாடம் இருக்கிறது. அறிவுக்கு விலை நிர்ணயிக்காத ஏற்பாடு ஒன்று எப்படி நடந்தது என்பதும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் ஐயர் மூடி மறைக்கவில்லை. பாட்டைச் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் கை ஓயும் வேகத்தில் புராணம் பாடியவர் பிள்ளை. அவருக்குக் கடன் தீரவே இல்லை. செல்வர்கள் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாணாக்கர்களுக்கும் சோறு போட்டுக்கொண்டு அந்த மனிதர் பட்ட பாட்டைப் படித்தபிறகு, புரவலர் காலத்தைப் பொற்காலம் என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

மாயூரத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடியவரிடமே சங்கீதம் கற்கும் பேறு இந்தப் பையனுக்கு வாய்த்தது. பிள்ளைக்கோ சங்கீதத்தில் பிடிப்பில்லை. ஆசிரியரின் மனம் தெரிந்ததும் பையன் பாட்டை நிறுத்திவிடுகிறான். இரண்டு பெரியவர்கள் ஒரே ஊரில் இருந்தால் ஒரு மாணவனுக்கு நேர்கிற இழப்பு இது. ஐயர் யாரையும் குறை சொல்லாமல் கடந்து போகிறார். படிக்கிற எனக்குத்தான் ஆறவில்லை.

புத்தகத்தின் பின்பகுதி ஏடு தேடிய கதை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான பிறகு, சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் சீவகசிந்தாமணிக்குள் இறங்கி, 1887-இல் அதை அச்சில் கொண்டுவந்தது வரை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏடு என்ற பொருளைக் கையாண்டவர்களின் உலகம்தான் என்னை இழுக்கிறது. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் நெடில் பிரித்துக் காட்டும் கொம்பு கிடையாது. ரகரமா, காலா என்று பார்வைக்குத் தெரியாது. பொருள் தெரிந்தவனுக்குத்தான் எழுத்தே தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்ததும் ஏடு வெறும் ஓலையாகிவிட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைக் கேட்டுப் போனவருக்கு, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைக்கிறது. கண்ட இடத்தில் எறியாமல் முறைப்படிச் செய்தார்களாம். அங்கே ஒரு நூலகத்தை அழித்தவர்களிடம் வன்மம் இல்லை, பக்தி இருந்தது. ஒரு வாழ்க்கை முறை மறையும்போது இதுதான் நடக்கிறது. பொருள் மிஞ்சுகிறது, அதை என்ன செய்வது என்ற அறிவு முதலில் போய்விடுகிறது.

இதே சுவையை நான் கண்ட இன்னொரு புத்தகம் அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சிறு பையனாகச் சேர்ந்தவர் அவர். அந்தப் பையனுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார். கம்பெனி வீட்டில் சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் ஒன்றாக. பையனின் பிழைப்பு முழுக்கக் குரலில் இருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்றவனுக்கு நாளை என்ன வேஷம் என்று தெரியாது. வளர்ந்து பெரியவனாவதே ஆபத்தாக இருந்த தொழில்!

‘என் சரித்திர’த்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த 48 வீடுகளின் பெண்கள் பெரும்பாலும் அடுக்களையோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நிலங்களில் நாற்று நட்டவர்களின் பெயர்கள் வருவதே இல்லை. சோறு போட்டவர்களை அவ்வளவு நன்றியோடு நினைத்த மனிதர், நெல்லை விளைவித்தவர்களைப் பார்க்கும் இடத்தில் நிற்கவில்லை. அந்த இடத்திலிருந்து எழுதிய புத்தகங்கள் வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1992-இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ ஊரைத் திரும்பிப் பார்க்கிற புத்தகம்தான். மலை, கண்மாய், தெரு, பிள்ளைகளின் விளையாட்டு, பட்டப்பெயர்கள், விறகு பொறுக்கியது, நிலக்கடலை உடைத்துக் கூலி வாங்கியது எல்லாம் பேச்சுத் தமிழிலேயே வருகிறது. ஊர் அழகாகவும் இருக்கிறது. அதன் நடுவே ஒரு காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய சரடை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கிறாள். அவர் அதை நிலக்காரரிடம் பணிந்து நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் வந்து அண்ணனிடம் சொல்கிறாள். கை பட்டால் தீட்டு என்று அண்ணன் விளக்குகிறார். அதோடு சிரிப்பு நின்றுபோகிறது. அத்தனை காலத்து ஏற்பாடும் அந்தச் சரடில் தொங்குகிறது. ஐயரின் தளிரும் பாமாவின் சரடும் எனக்கு ஒரே ஜாதிச் சாதனைகள். இரண்டிலும் கருத்து எதுவும் சொல்லப்படவில்லை, கை என்ன செய்தது என்பது மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005-இல் வந்தது. சிறிய புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். சிவகங்கைச் சீமையின் வறண்ட ஊர்களில் பசியோடும் பாட்டோடும் வளர்ந்த பிள்ளைப் பருவம். அதிலும் சோற்றுக் கணக்குத் துல்லியமாக இருக்கிறது. எந்த ஊரில் வாசலோடு நிறுத்தினார்கள், எந்த ஊரில் உள்ளே கூப்பிட்டார்கள் என்பதுவரை குறித்திருக்கிறார். இளையான்குடியில் முஸ்லிம்கள் தீண்டாமை பாராமல் தங்களோடு பழகியதை, அந்தச் சிறு வயதின் வியப்புக் குறையாமல், உறவு வைத்து அழைத்த நினைப்போடு எழுதிவைத்திருக்கிறார்.