பாராளுமன்ற இராஜதந்திரம்: நேட்டோ - ருஷ்ய உறவு பற்றிய ஒரு நோக்கு

அரசியல் ஆவணங்களை இலக்கியத் திறனாய்வாளர் படிக்கப் புகுவது சிலருக்கு எல்லை மீறலாகத் தோன்றலாம். ஆயின் சொல்லாலாகிய எந்தவோர் ஆக்கமும் தன்னைத் தோற்றுவித்த சமுதாய உறவுகளைத் தன்னகத்தே கொண்டிருக்கும் என்னும் கொள்கையை ஏற்போர், செய்யுளுக்கு ஒரு நியாயமும் ஒப்பந்தத்துக்கு வேறொரு நியாயமும் வகுத்தல் இயலாது. 1997 மே 27ஆந் திகதி பாரிஸ் நகரில் நேட்டோ நாடுகளின் தலைவர்களும் ருஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினும் கைச்சாத்திட்ட, பரஸ்பர உறவுகள் பற்றிய அடிப்படை ஆவணத்தை முன்னிறுத்தி, இரு தரப்புப் பாராளுமன்றங்களுக்கிடையே நிலவிய உறவின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1949இல் வாஷிங்டனில் கைச்சாத்தான வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இடமெதுவும் வகுக்கப்படவில்லை. 1955இலேயே அவர்கள் மாநாடாகக் கூடத் தொடங்கினர். அம்மாநாடு 1966இல் வட அத்திலாந்திக் பேரவை எனவும், 1999இல் நேட்டோ பாராளுமன்றப் பேரவை எனவும் பெயர் பெற்றது. அதன் தீர்மானங்கள் எந்த அரசாங்கத்தையும் கட்டுப்படுத்துவன அல்ல. அதே 1955இல் உருவான வார்சோ ஒப்பந்த அமைப்பு 1991இல் கலைந்தது. அக்காலத்தையொட்டி, முன்னாள் எதிரணி நாடுகளின் பாராளுமன்றத் தூதுக்குழுக்கள் இணை உறுப்பினர்களாகப் பேரவைக்குள் வந்தன. ருஷ்யப் பிரதிநிதிகளும் அவ்வாறு வந்தோரே. அவர்கள் பேசலாம், வாக்களித்தல் இயலாது. 2002இல் நேட்டோ - ருஷ்ய சபை அமைந்தபோது அதற்கு இணையாகப் பாராளுமன்றக் குழுவொன்றும் நிறுவப்பட்டது.

இனி ஆவணத்தின் மொழிக்கு வருவோம். நேட்டோவும் ருஷ்யாவும் ஒன்றையொன்று எதிரியாகக் கருதுவதில்லை என அது கூறுகின்றது. புதிய உறவின் அத்திவாரமாக இடப்பட்ட வாக்கியம் எதிர்மறை வாக்கியமாகவே அமைந்துவிட்டது. புதிய உறுப்பு நாடுகளில் அணுவாயுதங்களை நிறுத்தும் எண்ணமோ, திட்டமோ, காரணமோ தமக்கில்லை என நேட்டோ நாடுகள் அதில் மொழிந்தன. நிறுத்தமாட்டோம் என வாக்களிக்கவில்லை. பாராளுமன்றங்கள் பற்றிய பகுதி இன்னும் நுண்ணிதாக நோக்கத்தக்கது. பேரவைக்கும் ருஷ்யக் கூட்டாட்சி மன்றத்துக்குமிடையே உரையாடல் விரிவடைவதை நேட்டோவும் ருஷ்யாவும் ஊக்குவிக்கும் என்பதே அதன் பொருள். எழுவாயாக நிற்பன படைக்கூட்டும் அரசுமே. மக்கள் பிரதிநிதிகள் ஊக்குவிக்கப்படுவோராக வருகின்றனர். அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய மன்றம் அரசாங்கத்தின் அனுமதியால் பேசும் மன்றமாக இங்கே இடம் மாறியுள்ளது.

'பங்காளி' என்னும் சொல்லும் கவனத்துக்குரியது. இவ்வகை உறவைக் குறிக்க நம் பத்திரிகைகள் இச்சொல்லையே கையாள்கின்றன. தமிழ்ச் சமூகத்திலோ பங்காளி என்பவன் முதுசொத்தில் உரித்துடையவன். அவ்வுரித்துக் காரணமாகவே வழக்காடுபவனுமாவான். மேற்குறித்த ஆவணம் ஒருவர் செயலைத் தடுக்கும் உரிமையை மற்றவருக்கு வழங்கவில்லை. உரையாட இடமுண்டு, தீர்மானத்தில் பங்கில்லை என்பதே பங்காளித்துவத்தின் உள்ளடக்கமாயிற்று. எனினும் பாகப்பிரிவினை பற்றி முறையிடும் ருஷ்ய ஆளும் வர்க்கத்தின் வாதத்திலும் ஒரு மறைப்பு உண்டு. இரு வல்லமைகளுக்கும் இடையே வாழும் மக்களினங்களின் பாதுகாப்பு, அவ்விரண்டும் தமக்குள் பங்கிடத்தக்க முதுசொத்தன்று.

உரையாடிய பாராளுமன்றங்கள் எத்தகையன என்னும் வினா அடுத்து எழுகின்றது. 1993 ஒக்டோபர் 4ஆந் திகதி யெல்ட்சினின் ஆணைப்படி ருஷ்யப் பாராளுமன்றக் கட்டடத்தின்மீது தாங்கிகள் குண்டு பொழிந்தன. மேற்குலக அரசாங்கங்கள் யெல்ட்சின் பக்கமே நின்றன. அவ்வாண்டு டிசெம்பரில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு ஜனாதிபதியிடம் அதிகாரத்தைக் குவித்தது. பொதுச் சொத்துக்களைத் தனியார்மயமாக்கிய வர்க்கத்துக்குத் தடைபோடாத பாராளுமன்றமே வேண்டப்பட்டது. மறுதரப்பின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. 1999 மார்ச் 24ஆந் திகதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் அங்கீகாரமின்றி, யூகோசிலாவியாமீது நேட்டோ குண்டுவீசத் தொடங்கியது. ஏப்ரல் 28இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அவ்வான் தாக்குதலை ஆதரிக்கும் தீர்மானம் 213க்கு 213 எனச் சமவாக்குப் பெற்றுத் தோல்வியுற்றது. குண்டுவீச்சோ நிற்கவில்லை, மொத்தம் 78 நாட்கள் நீடித்தது.

இதனால் பாராளுமன்ற இராஜதந்திரம் முழுவதும் வெறும் நாடகமே என முடிவு செய்தல் பொருந்துமா? அவ்வாறு கூறுவது இயந்திரப் பாங்கான முடிவாகும். அரசாங்கத் தூதுவர் அரசாங்கத்தின் குரலில் மாத்திரமே பேசுவார். பாராளுமன்றத் தூதுக்குழுவில் எதிர்க்கட்சியினரும் இடம்பெறுவர். 1993இல் கைச்சாத்தான இரண்டாவது ஸ்டார்ட் ஒப்பந்தத்தை, ஈராக், யூகோசிலாவியா ஆகியவற்றின்மீதான தாக்குதல்களை எதிர்த்து ருஷ்ய டூமா தாமதித்து, 2000 ஏப்ரலிலேயே ஏற்றது. அத்தாமதத்தின் நன்மை தீமை எவ்வாறாயினும், பாராளுமன்றம் அரசின் எதிரொலியாக மாத்திரம் இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அது சான்றாகும்.

அச்சிறு வெளியும் பின்னர் அடைபட்டது. 2014 மார்ச் 1ஆந் திகதி ருஷ்ய மேற்சபை உக்ரேனில் படைபலம் பயன்படுத்துவதற்கு ஏகமனதாக அனுமதி வழங்கியது, கிரிமியா இணைக்கப்பட்டது. ஏப்ரலில் நேட்டோ பாராளுமன்றப் பேரவை ருஷ்யாவின் இணை உறுப்புரிமையை நீக்கியது. ஆக்கிரமிப்புக்கு ஒப்பமிட்டோரை முன்போல் பங்காளிகளாக அமர்த்தியிருத்தல் இயலாது என்பது உண்மையே. 2022 பெப்ரவரி 22இல் அதே மேற்சபை வெளிநாட்டில் படைகளைப் பயன்படுத்த மீண்டும் அனுமதித்தது. இரு நாட்களில் முழுப் போர் தொடங்கிற்று.

முற்போக்காளர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. நேட்டோவின் விரிவாக்கத்தைக் கண்டிப்பதையே போதுமானதாகக் கொண்டு, ருஷ்யாவைச் சோவியத் யூனியனின் வாரிசாகக் காணும் மயக்கம் நம்மிற் சிலரிடம் இன்றும் உண்டு. படையெடுப்புக்கு மூன்று நாட்களின் முன் ஆற்றிய உரையில், உக்ரேன் போல்ஷெவிக்குகளால் உருவாக்கப்பட்டதெனப் பூட்டின் லெனினையே பழித்தார். தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையை வற்புறுத்தியவரை நிராகரித்துத் தொடங்கிய போருக்கு, அவர் பெயரால் இயங்குவோர் நியாயம் தேடுவது எவ்வகையிலும் பொருந்தாது. இதற்கு மறுதலையாக, நேட்டோவை ஜனநாயகத்தின் காவலனாகக் கொள்வோர் 213க்கு 213 என்னும் வாக்குக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

என்றேனும் இப்போர் முடிந்து, இரு தரப்பினரும் மீண்டும் ஒரு மேசையில் அமர்வர். அப்போது புதிய ஆவணமொன்றும் வரையப்படும். அதில் 'பங்காளி' என்னும் சொல் எத்தனை முறை வருகின்றது என்பதை நாம் எண்ண வேண்டியதில்லை. போரைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள அதிகாரம் யாரிடம் விடப்பட்டுள்ளது, மக்கள் பிரதிநிதிகள் அதன் வாக்கியங்களில் எழுவாயாக வருகின்றனரா, இடைப்பட்ட சிறிய நாடுகள் தம் குரலிலேயே பேசுகின்றனவா என்பவற்றையே கேட்டல் வேண்டும்.