பெயரின் பிறப்பும் நம்பிக்கையின் பிறப்பும்

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் பாடம் முடிந்தபின் சிறு வெளியீடு ஒன்றைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். 16 பக்கங்கள் கொண்டது. எழுதியவர் பெயரும் இல்லை. அச்சிட்ட இடமும் இல்லை. கிறிஸ்தவர்கள் தம் மக்களுக்குச் சூட்டும் பெயர்கள் பலவும், கிறிஸ்தவம் தோன்றுவதற்கு முன்பே கிரேக்கரிடமும் ரோமரிடமும் வழங்கியவை. அவற்றுள் சில சிலைத் தெய்வங்களின் பெயர்களையே தாங்கியவை. இதுவே அவ்வெளியீட்டின் பொருள். பட்டியல் ஒன்றைத் தந்துவிட்டு, பெயர் பொய்யாயின் அப்பெயருடையாரின் மார்க்கமும் பொய்யே என்ற முடிவுக்கு அது பாய்ந்து செல்கிறது.

மாணவரின் முகத்தில் வெற்றிக் களிப்பு இருந்தது. அண்டை வீட்டுத் தோழர் மார்ட்டினிடம் இதைப் படித்துக் காட்டி அவருடைய வாயை அடைத்துவிட்டதாகக் கூறினார். அதன்பின் அத்தோழர் இவரோடு பேசுவதில்லை என்பதையும், சற்றுத் தயங்கிச் சொன்னார். இக்கட்டுரை எழுதக் காரணம் அந்தத் தயக்கமே.

வெளியீட்டில் மெய்யானவை எவை, பிழையானவை எவை என்று முதற்கண் பிரித்தறிவோம். பிறர் கூற்றை மறுப்பவன், முதலில் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். நம் ஆசிரியப் பெருமக்கள் நமக்குக் கற்பித்த முறை அது.

தெய்வப் பெயர்களிலிருந்து பிறந்த பெயர்கள் கிறிஸ்தவர்களிடையே உண்டு என்பது மெய். வெளியீட்டார் அறிந்ததைவிட அதிகமாகவே உண்டு. கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வாசிப்போர் அப்பொல்லோ என்ற போதகரை அறிவர். அது கிரேக்கரின் அப்போலோ தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்மணி புகழப்படுகிறார். அது சந்திரத் தெய்வமாகிய அர்த்தெமிசின் சிறப்புப் பெயர். அதே அதிகாரத்தில் வாழ்த்துப் பெறும் எர்மே என்பவருக்குத் தெய்வங்களின் தூதனாகக் கிரேக்கர் கருதிய எர்மெசின் பெயர். நேரே என்பவருக்குக் கடல் தெய்வத்தின் பெயர். எப்பாப்பிரோதீத்து என்ற பெயருக்குள் அப்ரோதீத்தே என்னும் பெண் தெய்வம் ஒளிந்திருக்கிறாள். ஏதென்சில் பவுலின் சொல்லைக் கேட்டு நம்பிக்கை கொண்ட தியொனீசியுவின் பெயர், மதுத் தெய்வமாகிய தியொனீசசினுடையது. இக்காலத்து டெனிஸ் என்ற பெயர் அதன் வழிவந்ததே.

இவர்கள் அனைவரும் புது நம்பிக்கையை ஏற்றவர்கள். பழைய தெய்வங்களை விட்டார்கள். பழைய பெயரை விடவில்லை. விட வேண்டும் என்று பவுல் எழுதியதாகவும் அந்நிருபங்களில் காணோம். அப்பெயர்களைச் சொல்லியே அவர் அன்புடன் வாழ்த்துகிறார்.

இனி வெளியீட்டின் பிழைகளுக்கு வருவோம். முன்பே வழங்கிய பெயர் வேறு, தெய்வத்தின் பெயர் வேறு என்ற பாகுபாடு அதில் இல்லை. ஜார்ஜ் என்ற பெயரை அது சிலைகளின் வரிசையில் நிறுத்துகிறது. அப்பெயரின் கிரேக்க மூலத்துக்கு உழவன் என்பதே பொருள். மண்ணில் உழைப்பவன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பிலிப் என்பதற்குக் குதிரைகளை விரும்புபவன் என்று பொருள். கி.மு. 336-இல் கொல்லப்பட்ட மக்கதோனிய மன்னர் பிலிப், மாவீரர் அலெக்சாந்தரின் தந்தை. அவருக்கு மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் கலிலேயாவின் பெத்சாயிதாவில் வாழ்ந்த ஒரு யூதருக்கும் அப்பெயரே இருந்தது. அவர் ஈஸா (அலை) அவர்களின் பன்னிரு சீடருள் ஒருவர் எனக் கிறிஸ்தவ நூல்கள் குறிக்கின்றன. அரசரின் புகழோடு பெயரும் ஊர் ஊராகப் பரவியது, அவ்வளவே. பேதுரு என்பதோ பழைய பெயரே அன்று. பாறை எனப் பொருள்படும் கேபா என்ற அரமேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு அது.

பவுல் என்பது ரோமரிடையே வழங்கிய குடிப்பெயர். சிறியவன் என்பது பொருள். நம் நாட்டுக் கத்தோலிக்கர் இவ்விரு செய்திகளையும் நன்கறிந்தே பவுலைச் சின்னப்பர் என்றனர். இறைவன் அருளினான் எனப் பொருள்படும் யோவான் என்ற பெயரை அருளப்பர் என்றனர். ரோமரின் குடிப்பெயர் ஒன்று தமிழ்நாட்டுக் குடியானவர் வீட்டில் சின்னப்பன் என்று தவழ்வதைக் காணும்போது, பெயருக்கு ஊர் ஒன்றல்ல என்பது விளங்கும். ஷைகு அப்துல் காதிர் என்ற பெயரைச் சீதக்காதி ஆக்கிக் கொண்டாடிய தமிழருக்கு இது வியப்பாகாது.

அடுத்த பிழை இன்னும் பெரிது. இச்செய்திகளைத் தாமே தோண்டி எடுத்ததைப் போலவும், கிறிஸ்தவர்கள் இவற்றை மறைத்து வைத்திருந்ததைப் போலவும் வெளியீட்டார் எழுதுகிறார். அவர்களோ இதைப்பற்றித் தமக்குள் பல நூற்றாண்டுகள் பேசியிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த ஒருவர், நம்பிக்கையாளர்களின் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்ற பெயர்கள் மிகுதியாக இடப்படுவதைக் குறித்து எழுதினார். அவ்வாயரின் பெயர் என்ன? தியொனீசியு! மதுத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியபடியே அவர் திருச்சபையை வழிநடத்தினார். அவரை எவரும் ஐயுறவில்லை.

407-இல் மறைந்த யோவான், சொல்வன்மையால் பொன்வாயர் என்று பெயர் பெற்றவர். அவர் தம் மக்களைக் கடிந்துகொண்டதும் பெயரைப்பற்றியே. குழந்தைக்குப் பெயரிடும்போது சிலர் பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, எவ்விளக்கு நெடுநேரம் எரிகிறதோ அதன் பெயரையே பிள்ளைக்கு இட்டனராம். குழந்தை நெடுங்காலம் வாழும் என்ற மூடநம்பிக்கை! அதை விட்டுவிட்டு நல்லடியார்களின் பெயரை இடுங்கள் என்று அவர் போதித்தார். அவர் கண்டித்தது சொல்லின் வேரை அன்று. சொல்லைச் சூழ்ந்த நம்பிக்கையை.

533-இல் ரோமில் ஒரு பாதிரியார் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய பெயர் மெர்க்கூரியுஸ். ரோமரின் மெர்க்குரி தெய்வத்தின் பெயரோடு அப்பதவியில் அமர்வது தகாது எனக் கருதி, இரண்டாம் யோவான் என்று பெயர் மாற்றிக்கொண்டார். பதவியேற்கையில் பெயர் மாற்றிய முதல் போப் அவரே. ஆயினும் அதுவரை பாதிரியாராகப் பணியாற்ற அப்பெயர் அவருக்குத் தடையாகவில்லை.

ருஷ்ய நாட்டில் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. கீவ் நகரின் இளவரசர் விளாதிமிர் 988-இல் ஞானஸ்நானம் பெற்றபோது வசீலி என்ற கிரேக்கப் பெயர் அவருக்கு இடப்பட்டது. 1015-இல் கொல்லப்பட்ட அவருடைய மக்கள் போரிஸ், கிளேப் ஆகியோர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்கள் ரோமன், தாவீது என்பன. மக்களோ மூவரையும் பழைய பெயராலேயே நினைவுகூர்ந்தனர்; அப்பெயராலேயே அவர்கள் புனிதர்களாகவும் போற்றப்படுகின்றனர். கிறிஸ்தவத்துக்கு முந்திய பெயர்கள், தாங்கியவர்களால் கிறிஸ்தவப் பெயர்கள் ஆயின.

1566-இல் ரோமச் சபை வெளியிட்ட ஞானோபதேச நூல், புனிதர் ஒருவரின் பெயரை இடுமாறு அறிவுறுத்தியது. 1983-இல் வெளிவந்த சபைச் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடலாகாது என்ற அளவோடு நின்றுகொண்டது. ஆக, அவர்கள் ஒரு காலத்தில் இறுக்கியும் ஒரு காலத்தில் நெகிழ்த்தியும் வந்திருக்கிறார்கள். வெளியீட்டார் இந்த வரலாறு முழுவதையும் விட்டுவிட்டு, அகராதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அகராதி சொல்லும் பொருளை வாழ்க்கை மாற்றிவிடும் என்பதற்கு இருவரைக் காட்டுவோம். நம் அரபு நூல்கள் இஷ்பீலியா எனக் குறிக்கும் செவில் நகரின் ஆயர் இசிதோர், 636-இல் மறைந்தவர். சொற்களின் பிறப்பை ஆராய்ந்து 20 பாகங்களில் பேரகராதி போன்றதொரு நூல் செய்தார். அவருடைய பெயருக்கோ, எகிப்தியரின் தெய்வமாகிய இசிசின் கொடை என்று பொருள். சொல்லின் வேரைத் தேடியவர் தம் பெயரின் வேருக்காகத் தம் மார்க்கத்தை ஐயுறவில்லை.

மற்றவர் மார்ட்டின். போர்த் தெய்வமாகிய மார்சின் பெயரிலிருந்து பிறந்தது அச்சொல். நான்காம் நூற்றாண்டில் ரோமப் படைவீரரின் மகனாகப் பிறந்து, தாமும் படையில் சேர்ந்த ஒருவருக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது. குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர்ப் படையை விட்டு விலகித் துறவியானார். தூர் நகரின் ஆயராகி 397-இல் மறைந்தார். அவர் திருநாளன்று 1483-இல் ஞானஸ்நானம் பெற்றதனாலேயே ஜெர்மானியரான லூதருக்கும் மார்ட்டின் என்ற பெயர் வாய்த்தது. இன்று அப்பெயரை இடும் தாய் தந்தையர் எவரும் போர்த் தெய்வத்தை நினைப்பதில்லை. மேலங்கியைப் பகிர்ந்தவரையே நினைக்கின்றனர்.

இத்தனைக்கும் பிறகு, வெளியீட்டார் கையிலெடுத்த தராசை நம் வீட்டுக்கும் கொண்டுவந்து பார்ப்போம். பிறருக்கு ஓர் அளவை, நமக்கு வேறோர் அளவை என்பது நீதியாகாது.

உமர், உஸ்மான், ஹம்ஸா, காலித், கதீஜா, பாத்திமா என்ற பெயர்கள் இஸ்லாம் அரபகத்தில் ஓங்குமுன்பே அரபுகளிடம் வழங்கியவை அல்லவா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவற்றை மாற்றவில்லை. மாற்றியவை எவை? கீழ்ப்படியாதவள் எனப் பொருள் கொள்ளத்தக்க ஆஸியா என்ற பெயரை ஜமீலா, அழகியவள், என்று மாற்றினார்கள். அப்து அம்ரு என்றிருந்த தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆனார். படைத்தவனுக்கன்றிப் பிறருக்கு அடிமை என்று பொருள்படுவனவும், இழிவு அல்லது தற்பெருமை தொனிப்பனவும் மாறின. மற்றவை அப்படியே நின்றன.

ஹஸ்ன், கரடுமுரடு, என்ற பெயருடைய ஒருவரிடம், ஸஹ்ல், மென்மை, என வைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றுவதற்கில்லை என்று அவர் மறுத்தார். அதன் கடுமை தம் குடும்பத்தில் நிலைத்துவிட்டதாகப் பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) பிற்காலத்தில் வருந்தினார். புகாரி ஷரீபில் காணும் இந்நிகழ்ச்சியில், நல்ல பெயரின் சிறப்பும் உண்டு. நபியவர்கள் அம்மனிதரை வற்புறுத்தவில்லை என்ற பாடமும் உண்டு.

இன்னும் ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பரம்பரையைச் சொல்லும்போது ஹாஷிமுக்கு அடுத்து அப்து மனாஃப் என்கிறோம். மனாஃப் என்பது அறியாமைக் காலத்துச் சிலை ஒன்றின் பெயர். நம் சிறுவர்கள் அப்பெயரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதனால் நம் தவ்ஹீதுக்குக் குறை வந்ததா? வரவில்லை. அவ்வாறாயின் அப்பொல்லோவின் பெயரைக் கொண்டு ஒருவரின் மார்க்கத்தை எடைபோட நாம் எவ்வாறு துணிவோம்? கிறிஸ்தவர்களோடு நமக்குள்ள கொள்கை வேறுபாடு பெரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதைக் கொள்கையின் களத்தில், சான்றோடு பேச வேண்டும். வேதக்காரரோடு அழகிய முறையிலன்றித் தர்க்கிக்கலாகாது என்பது திருமறையின் 29-ஆம் அத்தியாயம் நமக்கு இட்ட வரம்பு.

வெளியீட்டாரைக் குறைகூறும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நாம் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் ஒரு சிறுவனைச் சேர்க்க அவனுடைய பாட்டனார் அழைத்து வந்தார். முத்து மீரான் என்று பெயர் சொன்னார். முத்து என்பது மார்க்கப் பெயராகாது என்று கூறி, பதிவேட்டில் முஹம்மது மீரான் என்று எழுதிவிட்டோம். அப்பெரியவர் சற்று நேரம் நின்றார். "ஹஜரத், கடலில் மூழ்கி முத்தெடுத்தவர் எங்கள் வாப்பா. அவர் நினைவாக இட்ட பெயர் இது. இதில் ஷிர்க் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், நானே அழித்துவிடச் சொல்கிறேன்" என்றார். நம்மிடம் விடை இல்லை. அரபுப் பெயரே சிறந்தது என்று மட்டும் சொன்னோம். அவர் ஸலாம் உரைத்துவிட்டுச் சென்றார்.

ஆண்டுகள் பல கழித்து நபித்தோழியரின் வரலாற்றை ஓதும்போது ஒரு பெயரில் நம் கண் நின்றது. அபூலஹபின் மகளாகப் பிறந்தும் இஸ்லாத்தை ஏற்று ஹிஜ்ரத் செய்த அம்மையார் துர்ரா (ரலி). துர்ரா என்றால் முத்து! அரபியில் இருந்தால் ஸஹாபிப் பெண்மணியின் பெயர், தமிழில் இருந்தால் ஆகாத பெயர் என்று நாம் தீர்ப்பளித்திருக்கிறோம். அப்பெரியவரிடம் சென்று இதைச் சொல்ல விரும்பினோம். அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நாம் எழுதிய பெயரே அவர் பேரனின் சான்றிதழ்களில் எல்லாம் நிலைத்துவிட்டது.

நம் மக்களுக்கு நல்ல பெயர் இடுவோம். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகியவை அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவை என்று நபிமொழி இருக்க, அதில் நமக்கென்ன தயக்கம்? ஆனால் ஒருவருடைய பெயர் அவருடைய பெற்றோர் தந்த முதல் கொடை. அதைக் கல்லாக எடுத்து அவர்மீதே எறிவது கல்வியின் பயன் ஆகாது.

வெளியீட்டை மாணவரிடம் திருப்பிக் கொடுத்தோம். மேலங்கியைப் பகிர்ந்த படைவீரரின் வரலாற்றையும் சொன்னோம். "இதைத் தெரிந்துகொண்டுதான் உம் தோழரிடம் பேசியிருக்க வேண்டும். இப்போதாவது போய்ப் பேசும்" என்றோம். போகிறேன் என்று எழுந்தார். வல்ல நாயன் அவருக்கும் நமக்கும் நாவடக்கத்தையும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.