ஹேவ்லக் எல்லிஸ்: துணிவும் முரணும்

மனித வாழ்வின் பல துறைகளையும் ஆராயப் புகுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு, பாலுணர்வின் வாயிலில் மட்டும் தயங்கி நின்றது. அதைப் பேசுவதே இழுக்கு என்று கருதிய இங்கிலாந்தில், அவ்வாயிலைத் திறந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஹேவ்லக் எல்லிஸ் (1859–1939) ஆவார்.

அவரது ஆய்வு மருத்துவமனையில் அன்று, பள்ளிக்கூடத்தில் கருக்கொண்டது என்பது ஆசிரியர்கள் எண்ணத்தக்க செய்தி. பதினாறாம் வயதில் ஆஸ்திரேலியா சென்ற அவர், ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்பார்க்ஸ் கிரீக் என்னும் சிற்றூரில் தனியொருவராய்ப் பள்ளி நடத்தினார். இளமையின் ஐயங்களுக்கு விடை கூறுவார் எவருமில்லாத அத்தனிமையில், பின்வரும் தலைமுறையேனும் அறியாமையால் வருந்தலாகாது என உறுதி பூண்டார். 1879இல் தாயகம் திரும்பி மருத்துவம் பயின்றதும் அந்நோக்கம் பற்றியே.

'பாலியல் உளவியல் ஆய்வுகள்' என்னும் அவரது பெருநூல், 1897 முதல் 1928 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. முதலில் வெளிவந்த தொகுதி, ஜான் அடிங்டன் சைமண்ட்ஸ் என்னும் இலக்கிய அறிஞரோடு இணைந்து தொடங்கப்பெற்றது. அவர் 1893இல் மறைந்தபின் எல்லிஸ் அதனை முடித்தார். தன்பால் ஈர்ப்பு குற்றமும் அன்று, நோயும் அன்று என்பது அதன் துணிபு. ஆஸ்கார் வைல்டு சிறைப்பட்டு ஈராண்டே கழிந்திருந்த காலம் அது! 1898இல் அந்நூலை விற்ற ஜார்ஜ் பெட்பரோ மீது வழக்கு எழுந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால், நூலின் நியாயம் மன்றத்தில் ஒலிக்கவே இல்லை. அடுத்த தொகுதிகள் அமெரிக்காவில் அச்சேறின.

நூலின் வலிமை அதன் ஆய்வு முறையில் உள்ளது. எல்லிஸ் தீர்ப்புக் கூறுமுன் செவிமடுக்கிறார். தனிமனிதர் தம் வரலாற்றைத் தாமே உரைக்க இடந்தருகிறார். ஆயினும் அங்ஙனம் எழுதியோருள் கற்றவரே மிகுதி. உழைப்பாளர் குரல் குறைவு. அச்சான்றுகளைக் கொண்டு மாந்தர் அனைவர்க்கும் பொதுவிதி வகுத்தல் பொருந்தாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1912இல் வெளியிட்ட 'சமுதாய நலவியலின் பணி' என்னும் நூலில், தகுதியற்றோர் எனப்படுவோர் பிறப்பைக் குறைக்கக் கருதும் இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்தார். ஒரு சாராரின் வேறுபாட்டை இயல்பென ஏற்றவரே, மற்றொரு சாராரின் வறுமையையும் நலிவையும் பிறவிக் குறையென மயங்கியது பெருமுரண் அன்றோ?

எல்லிஸைப் போற்றுவோர் இம்முரணை மறைத்தல் கூடாது. தூற்றுவோர் அவர் திறந்த வாயிலை மறத்தலும் கூடாது. மாணவனின் வினாவை நாணமின்றிக் கேட்பதே கல்வியின் முதற்படி என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. கேட்கப்படாத மனிதர்மீது தீர்ப்புச் சொல்லுதல் அறிவாகாது என்பதை அவர் வழுவும் உணர்த்துகிறது.