நாமா, நாங்களா?

அண்மையில் துஆத் தொகுப்பு ஒன்று நம் பார்வைக்கு வந்தது. நல்ல தாள், அழகிய அச்சு. ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து தமிழாக்கியதாக முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. புரட்டியதும் 'யா அல்லாஹ்! நம் பாவங்களை மன்னித்தருள்வாயாக' என்னும் தொடர் கண்ணிற்பட்டது, திடுக்கிட்டோம். 'நம்' என்பது பேசுவோனையும் கேட்போனையும் ஒருங்கே சேர்ப்பதன்றோ? மன்னிப்பவனையே பாவம் செய்தோருடன் சேர்த்துவிடுகிறதே அத்தொடர்! நவூது பில்லாஹ். தொகுத்தவரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. 'எங்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நம்' என்று எழுதிவிட்டார், அவ்வளவே. ஆயினும் அடியான் யார், ஆண்டவன் யார் என்னும் எல்லைக்கோடே அந்த ஒரு சொல் வேறுபாட்டில் அழிந்துபோகிறது.

இப்பிழையை ஆங்கிலத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றே. அரபியிலும் 'நஹ்னு' ஒன்றே. மதரஸாவில் ஸர்ஃபுப் பாடத்தில் பதினான்கு ளமீர்களை ஒப்பித்தோமே, அவற்றுள்ளும் கேட்போனைச் சேர்த்த தன்மைப் பன்மை, விலக்கிய தன்மைப் பன்மை என்னும் பாகுபாடு கிடையாது. அது தமிழுக்கு வாய்த்த செல்வம். தொல்காப்பியத்திலேயே 'யாம்', 'நாம்' என இரண்டும் உண்டு. இலக்கணம் கல்லாத பாட்டியும் வந்த விருந்தாளியிடம் 'நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்' என்பாள். 'வாருங்கள், நாம் சாப்பிடுவோம்' என்பாள். ஒருபோதும் மாற்றிச் சொல்லாள். பிறமொழி நூலைக் கையிலேந்தியதும் நாம் அந்தப் பாட்டியின் காதை இழந்துவிடுகிறோம்.

இனி மறுபுறத்தைக் காண்போம். திருமறையில் அல்லாஹ் தன்னை 'நஹ்னு' என்று குறிக்கும் இடங்கள் பல. அங்கே 'நாங்கள்' என்று தமிழில் எழுதினால் பலர் கூடிப் பேசுவதாகவே பொருள்படும். தவ்ஹீதுக்கு அது ஒவ்வாது. ஆகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'நாம்' என்றனர். முறையான தேர்வே. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தன் கொடைகளைச் சொல்லுமிடத்துத் தன்னை 'நாம்' என்றே கூறுகிறான். அது மாட்சிமைப் பன்மை, கேட்போனை உட்படுத்துவதன்று. 'யாம்' என்றிருப்பின் இன்னும் குற்றமற்றதாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து. ஆனால் இன்றைய செவிக்கு அது புலவர் மொழியாக ஒலிக்குமென்று அஞ்சியிருப்பர். (இக்கட்டுரையில் நாம் எழுதும் 'நாம்' எவ்வகை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். சில இடத்தில் மாட்சிமை. சில இடத்தில் உங்களையும் சேர்த்தே!)

முன்னிலையில்தான் ஆங்கிலம் உண்மையிலேயே வறுமைப்பட்டது. முற்காலத்தில் அம்மொழிக்கும் ஒருமைக்குத் 'தௌ', பன்மைக்கு 'யூ' என இரண்டு இருந்தன. பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி உயர்ந்தோரைப் பன்மையால் விளித்து விளித்து, 'தௌ' என்பது தாழ்ந்தோருக்கும் நெருங்கியோருக்கும் உரியதாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் நீதிபதியையும் 'தௌ' என்றே விளித்துச் சினத்துக்கு ஆளாயினர். பின்னர் அச்சொல் பொதுப் பேச்சினின்று மறைந்து, தொழுகையிலும் 1611ஆம் ஆண்டு விவிலியப் பெயர்ப்பிலும் தங்கியது. விந்தை யாதெனில், நெருக்கத்தின் சொல்லை இன்றைய ஆங்கில வாசகர் மிக உயர்ந்த மரியாதைச் சொல்லென்று எண்ணுகின்றனர்.

பிக்தால் 1930இலும், அவரை அடுத்து யூசுஃப் அலியும் தம் பெயர்ப்புகளில் 'தௌ'வைக் கையாண்டனர். பழமை வாடை வீசியது மெய். ஆனால் 'அன்த்த' என்னும் ஒருமையும் 'அன்தும்' என்னும் பன்மையும் அங்கே கலவாமல் நின்றன. 2004இல் வெளிவந்த அப்துல் ஹலீமின் பெயர்ப்பு எளிய ஆங்கிலத்தில் 'யூ' என்றே செல்கிறது. அதனால் விளிக்கப்படுவோர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மட்டுமா, மக்கள் அனைவருமா என்பது புலப்படுவதற்குப் பல இடங்களில் அடைப்புக்குறி இட வேண்டியதாயிற்று. இத்தகைய பெயர்ப்பை மூலமாகக் கொண்டு தமிழாக்குவோர், அடைப்புக்குறி இல்லாத இடத்தில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுள் எதை எழுதுவர்? ஊகித்தே எழுதுவர்.

அர்ரஹ்மான் சூராவில் ஒரே வினா முப்பத்தொரு முறை வருகிறது. அது இருமை வடிவில், மனிதர், ஜின் ஆகிய இரு சாராரையும் நோக்கியது. அதனை உணர்த்த 1955இல் ஆர்பெரி 'யூ' என்பதை இரண்டு முறை அடுத்தடுத்து எழுத நேர்ந்தது. தமிழிலும் இருமை இல்லை. 'நீங்கள் இரு சாராரும்' என்கிறோம். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு நம் மொழி முழுமையானதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அல்லாஹ்வை 'நீ' என்பதில் தமிழ் முஸ்லிம்கள் ஒருநாளும் தடுமாறியதில்லை. வாப்பாவை 'நீங்கள்' என்னும் பிள்ளை, கையேந்தியதும் 'நீ' என்கிறது. கிறித்தவ அன்பர்களின் தமிழ் விவிலியம் 'நீர்' என்னும். அது அவர்கள் மரபு. நமக்கோ 'அன்த்த' என்னும் ஒருமையே மரியாதை; ஏகனுக்குப் பன்மை வேண்டியதில்லை.

தொகுப்பின் பதிப்பாளருக்கு மடல் எழுதினோம். அடுத்த பதிப்பில் திருத்துவதாக மறுமொழி வந்தது. அதுவரை நம் மாணவர் கையிலுள்ள படிகளில் 'நம்' வருமிடமெல்லாம் பேனாவால் அடித்து 'எங்கள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறோம். நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் அடிக்க வேண்டாம் என்றோம். அங்கே இமாம் ஜமாஅத்தாரை நோக்கிப் பேசுகிறார்.