தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகவல் நூல்கள்: எதைப் பரிந்துரைப்பது?



"பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம், டீச்சர்?" என்று பெற்றோர் கேட்டால், நம்மில் பலர் உடனே சொல்வது நீதிக்கதைகள், தெனாலிராமன், பஞ்சதந்திரம். தப்பே இல்லை, கதை வேண்டும்தான். ஆனால் "கதை இல்லாத புத்தகம் ஏதாவது?" என்று கேட்டுவிட்டால் கொஞ்சம் தடுமாறுகிறோம். கடைசியில் ஒரு பொது அறிவு வினா விடை நூலையும் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றையும் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன அக்கறை என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறாம் ஆண்டு வரைதான் அறிவியலைத் தமிழில் படிக்கிறது. இருமொழிப் பாடத்திட்டம் நடக்கும் பள்ளிகளில் அதுவும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. படிவம் 1க்கு வந்தபின் அறிவியல் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். ஆக, ஒரு செடி எப்படி வளர்கிறது, ஒரு ஆறு எங்கே பிறக்கிறது என்பதைத் தமிழில் படிக்கவும் பேசவும் பள்ளி தரும் காலம் அந்த ஆறு ஆண்டுகள்தான். அதில் கதையை மட்டும் கொடுத்தால், தமிழ் கதைக்கும் வாழ்த்துக்கும் மட்டுமே உரிய மொழி என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அதன் விளைவை எஸ்.பி.எம். கட்டுரைகளில் பார்க்கிறோம். "காடுகளை அழிப்பதால் பல தீமைகள் ஏற்படுகின்றன" என்று தொடங்கும் மாணவர், என்ன தீமை, எப்படி என்று அடுத்த வரி எழுத முடியாமல் அதையே வேறு சொற்களில் மறுபடி எழுதுகிறார். அவருக்குத் தமிழ் தெரியும். தமிழில் தகவல் சொல்லும் பழக்கம்தான் இல்லை.

முதலில் வினா விடை நூல்களைப் பார்ப்போம். "உலகின் மிகப் பெரிய மலர் எது? ராஃப்லேசியா." அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விடும். புதிர்ப் போட்டிக்கு இது உதவும். ஆனால் அந்த மலரைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! அதற்கு இலை இல்லை, தண்டு இல்லை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடியின் உள்ளே ஒட்டுண்ணியாக வாழ்கிறது. மொட்டு பெரிதாவதற்கே பல மாதங்கள் ஆகும். மலர்ந்தால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிப்பது அரிது. அழுகிய இறைச்சி வாடை வீசி ஈக்களை வரவழைக்கும். நம் சபாவிலும் பேராக்கிலும் ராஃப்லேசியா இனங்கள் பூக்கின்றன. இதைப் படிக்கும் பிள்ளை "ஏன் ஈ வரணும்?" என்று கேட்கும். அப்படிக் கேட்கவைக்கும் நூலே நல்ல நூல். விடையோடு முடிந்துபோகிற நூலைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

வாழ்க்கை வரலாறுகளிலும் இதே குறைதான். ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், கடுமையாக உழைத்தார், உயர்ந்தார். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அப்துல் கலாமைப் பற்றிய நூலை வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. இந்த இரண்டு நாள்களுக்கு நடுவே என்ன நடந்தது, எந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது என்று நூல் சொல்கிறதா? சொன்னால் வாங்கலாம். "தோல்வியைக் கண்டு துவளவில்லை" என்ற ஒரே வரியில் தாண்டிவிட்டால், அது நீதிக்கதைதான்; அலமாரியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்?

பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இன்றும் முதலில் சொல்லத் தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். கடினமான செய்தியையும் சிறுவருக்குத் தமிழிலேயே சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று. பழைய நூல்தானே என்று தயங்க வேண்டாம், பழமையையே பாடமாக்கலாம். அது வந்த காலத்தில் புளூட்டோ ஒரு கோள். 2006இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. அன்று பர்மா, இன்று மியன்மார். "இதில் எது மாறியிருக்கிறது, கண்டுபிடிங்க" என்று ஆண்டு 6 மாணவர்களிடம் விடுங்கள். அச்சில் வந்தாலும் சரிபார்க்க வேண்டும் என்ற பழக்கம் தானாக வரும். ஆனால் ஆண்டு 1, 2 பிள்ளைகளிடம் இதைத் தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு எழுத்து அதிகம்.

சின்னப் பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் வசதி. 2015இல் தொடங்கியது. வாசிப்பு நிலை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். தமிழிலும் படநூல்கள் உண்டு. அச்சிட்டு வகுப்பில் கொடுக்க உரிமமும் இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: பல நூல்கள் மொழிபெயர்ப்பு. கொடுப்பதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால், பிள்ளைக்கு இன்னும் சிரமம்.

ஆண்டு 5, 6 மாணவர்களுக்கு ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. 2014இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்றது. கதையை விட்டு வர மறுக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பாலம். படித்து முடித்ததும் தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கற்பனை, மறுபக்கம் உண்மை என்று எழுதச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் வேதாளம் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மண்ணைப் பற்றிய தகவல் நூல்கள் நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை. ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை உருவாக்கினார். விடியற்காலையிலேயே மரம் வெட்டப் போவது ஏன்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மங்கு, கட்டிப்பால், கோட்டுப்பால் என்று தாத்தா பாட்டி வாயில் இன்னும் சொற்கள் இருக்கின்றன. இதை எட்டுப் பக்க நூலாக மாணவர்களையே எழுத வையுங்கள். நிலாம் பதிவுக்காகச் சுருக்கம் எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுரைத் தொகுப்புகளை மனப்பாடம் செய்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தம்பி தங்கையின் தகவல் நூலில் ஒரு கட்டுரையைப் படியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்ன வாக்கியத்தில், ஒரு காரணம், ஒரு எடுத்துக்காட்டு என்று அங்கே எழுதியிருக்கும் முறைதான் உங்கள் கட்டுரைக்கும் தேவை.

ஆசிரியர்கள் அடுத்த முறை புத்தகக் கடைக்குப் போகும்போது அட்டையைப் பார்க்காமல் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து படியுங்கள். "எப்படி", "ஏன்" என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.