ஆறாம் சுவடியின் நன்றி மன்றாட்டு: ஒரு திறனாய்வு

1945-ஆம் ஆண்டு மேல் எகிப்தில், நாக் ஹம்மாதிக்கு அருகில் கண்டெடுக்கப்பட்ட காப்திக் மொழிச் சுவடிகளைப் பற்றி இருவகைக் கருத்து வழங்கி வருகிறது. திருச்சபை மறைத்த உண்மையே இவற்றில் வெளிப்படுகிறது என்பர் ஒரு சாரார். இவை கள்ளப் போதகரின் பிதற்றல், அருட்பணியாளர்க்குப் பயன்படா என்பர் மற்றொரு சாரார். ஒருவன் சொல்வதைக் கேளாமலே அவனைத் தீர்ப்பிடலாமோ என்னும் நிக்கொதேமுவின் வினா (யோவான் 7:51) இரு சாராரையும் நோக்கி நிற்கிறது.

ஆறாம் சுவடியை எடுத்துக்கொள்வோம். பேதுருவின் பெயர் தாங்கிய நடபடிகள், பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஒரு பகுதி, ஹெர்மெஸைச் சார்ந்த மூன்று நூல்கள் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. மொழிபெயர்ப்பில் மிகவும் உருமாறியிருந்த பிளேட்டோவின் பகுதியை 1974-இல்தான் ஷெங்கே என்னும் அறிஞர் இன்னதென அடையாளங் கண்டார். ஆகவே, முழுத் தொகுப்பையும் 'ஞானவாத நூலகம்' என ஒரே பெயரால் சுட்டுதல் பொருந்தாது.

ஹெர்மெஸ் நூல்களுள் மிகச் சிறியது நன்றி மன்றாட்டு. கிரேக்கத்திலும் லத்தீனிலும்கூட இது கிடைத்துள்ளது. கடவுளின் தந்தைக்குரிய அன்பையும், அவர் அருளிய மனத்தையும் சொல்லையும் அறிவையும் எண்ணி இது நன்றி கூறுகிறது. உடலில் இருக்கும்போதே அவ்வறிவினால் தெய்வத்தன்மை பெற்றதாக மகிழ்கிறது. ஞானவாதிகளும் அவர்களைச் சார்ந்தோரும் உடலை வெறுத்தனர், தம் முயற்சியாலேயே மீட்படைய முயன்றனர் என்று வகுப்பறைகளில் கூறப்படும் பொதுக்கூற்று இம்மன்றாட்டின்முன் நிற்கவில்லை. இங்கு அறிவு ஈட்டிய பொருளன்று, பெற்ற கொடை.

ஆயினும் அதன் குறையும் வெளிப்படையானதே. அறிவிலே நிலைத்திருக்க வேண்டும், இவ்வாழ்வினின்று இடறிவிடலாகாது என்பது ஒன்றே அதன் விண்ணப்பம். அதில் பாவ அறிக்கை இல்லை, மன்னிப்பு இல்லை, பசித்தவனும் இல்லை. மன்றாடி முடித்தவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, இரத்தங் கலவாத தூய உணவை உண்ணச் செல்கின்றனர். ஐக்கியம் உண்டு; ஆனால் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவன் நினைக்கப்படவில்லை. ஆண்டவர் கற்பித்த மன்றாட்டோ அன்றாட அப்பத்தையும், கடன்பட்டோரை மன்னித்தலையும் ஒருங்கே சேர்க்கிறது. அறிவு இறுமாப்பூட்டும், அன்போ கட்டியெழுப்பும் என்னும் பவுலின் தீர்ப்பு (1 கொரிந்தியர் 8:1) இங்கு முற்றிலும் பொருந்தும்.

இத்தீர்ப்பை எகிப்தின்மேல் மட்டும் சுமத்தி அமைதியடைதல் எளிது. நம் அருளுரை மேடையிலிருந்து எழும் மன்றாட்டுகளுள் எத்தனை நம் உள்ளத்தின் ஒளியை மட்டுமே வேண்டி, வாசலில் நிற்பவனை மறந்து முடிகின்றன? ஆறாம் சுவடியைப் படிக்கும் போதகர் முதலில் தம் வழிபாட்டு ஒழுங்கையே திறனாய்வு செய்ய வேண்டியவராவார்.